ஃப்ளஷ் டேங்க் மெதுவாக நிரம்புகிறதா? வால்வைக் கழுவுவதா, மாற்றுவதா?

ஃப்ளஷ் டேங்க் நிரம்ப ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆகிறது என்றால் இரண்டு யோசனை உடனே வரும். தண்ணீர் விடுகிற வால்வைக் கழற்றிக் கழுவுவது ஒன்று. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவது இன்னொன்று. பிளம்பரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வார். என் கட்சி முதலாவது. ஆனால் எதில் கை வைப்பதற்கு முன்னாலும் ஒரு வாளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிள் காக்கை, அதாவது டேங்குக்குப் போகிற தண்ணீரைச் சுவரோரம் திறந்து மூடுகிற திருகை மூடிவிட்டு, டேங்குக்குப் போகிற கனெக்‌ஷன் பைப்பை டேங்க் பக்கம் மட்டும் கழற்றுங்கள். நுனியை வாளிக்குள் விட்டு, காக்கை முழுக்கத் திறந்து சரியாக அரை நிமிடம் பிடியுங்கள். மூன்று லிட்டர் வந்தால், நிமிடத்துக்கு ஆறு லிட்டர். ஆறு லிட்டர் டேங்க் என்றால் ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் நிரம்பியாக வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் அடைப்பு வால்வில் இருக்கிறது. வாளியிலேயே நூல் மாதிரி ஒழுகினால் வால்வின் மேல் பழி போடாதீர்கள். காக் பாதி மூடியிருக்கலாம், பைப் சுவரோரம் மடங்கியிருக்கலாம், காக்குக்குள்ளேயே அழுக்கு அடைந்திருக்கலாம். இதைப் பார்க்காமல் புது வால்வு வாங்கினால் காசுதான் வீண்.

சரி, வாளியில் தண்ணீர் நன்றாக வருகிறது. இப்போது கழுவுவதைப் பார்ப்போம். வால்வின் அடிக்கழுத்துக்குள் பெரும்பாலும் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். கட்டைவிரல் நகம் அளவுதான். மூக்குக் குறடால் மெல்ல இழுத்தால் வந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மணலும் துருவும் சேர்ந்து கண்களை மூடியிருக்கும், உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளையாகப் பொறுக்கு கட்டியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். வெள்ளைப் படிவத்துக்கு மட்டும் வினிகரில் அரை மணி நேரம் ஊற விடுங்கள். அடுத்து, வால்வின் மேல்மூடியைத் திருகித் திறந்து உள்ளே இருக்கிற ரப்பர் வாஷரை எடுத்துக் கழுவுங்கள். அதில் ஊசித்துளை ஒன்று இருந்தால் கம்பி விட்டுப் பெரிதாக்கிவிடாதீர்கள். அந்த அளவை நம்பித்தான் வால்வு மூடித் திறக்கிறது. சல்லடையையும் பைப்பையும் திரும்ப மாட்டுங்கள். மேல்மூடியை மாட்டும் முன், திறந்த வாயின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு காக்கைச் சில விநாடி திறந்தால் மிச்சத் தூசியும் வெளியே அடித்துக்கொண்டு வரும்.

இவ்வளவுக்கும் அரை மணி நேரம், செலவு ஒன்றுமில்லை. மெதுவாக நிரம்புகிற டேங்குகளில் முதலில் இதைச் செய்யாமல் வேறு எதையும் செய்யக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மாற்றுவதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. ரப்பர் விறைத்துச் சுருண்டிருந்தாலோ, உடம்பு வெடித்திருந்தாலோ கழுவிப் பயனில்லை. நீளக் கை நுனியில் பந்து மிதக்கிற பழைய பால் வால்வில் இயல்பிலேயே ஒரு குணம் உண்டு. பந்து மேலே ஏற ஏற வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரும். அதனால் கடைசிக் கால்வாசி மட்டும் சொட்டுச் சொட்டாக நிரம்பும். நிமிர்ந்து நிற்கிற புது ரக வால்வுகளில் பல, கடைசி வரை முழு வேகத்தில் விட்டுப் பட்டென்று மூடும். வித்தியாசம் காதிலேயே கேட்கும்.

ஆனால் புதிது என்றால் வேகம் என்று நினைத்துவிட வேண்டாம். நான் ஒருமுறை மாற்றியபோது பழையதைவிட மெதுவாக நிரம்பியது. மறுபடி கழற்றிப் பார்த்தால், அடிக்கழுத்தில் நடுவே சிறு துளையோடு ஒரு பிளாஸ்டிக் அடைப்பான். அழுத்தம் அதிகமான குழாய்களுக்காக வைப்பது அது. மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கி வருகிற தண்ணீருக்கு அது தேவையில்லை. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும். தொட்டிக்கு நேர்கீழே, இரண்டு மீட்டர் இறக்கத்தில் இருக்கிற கழிவறைக்குக் கிடைப்பது 0.2 பார். அந்த அடைப்பானை எடுத்த பிறகு வேகம் வந்துவிட்டது. வாங்கும்போதே குறைந்த அழுத்தத்துக்கானதா என்று கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது உள்ளே வால்வை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளி நட்டைக் கையால் இறுக்கி, அப்புறம் ஸ்பானரால் கால் சுற்று மட்டும் போடுங்கள். அதற்கு மேல் போனால் பீங்கான் விரிசல் விடும்.

இன்னொன்று: டேங்க் முழுதாக நிரம்பவே இல்லை என்றால், அடியில் கசிகிறதா என்று பாருங்கள். டேங்கில் கொஞ்சம் சாப்பாட்டு நிறமியைக் கலந்து கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் மாற்ற வேண்டியது அடி வாஷரை.

பிரஷர் பம்ப் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: காக் முழுக்கத் திறந்திருந்து, குழாயில் அடைப்பும் இல்லாமல், அதன் பிறகும் வாளி நிரம்பத் திணறினால் மட்டும் அதை யோசியுங்கள்.