10 நாள் விபாசனா முகாம்: நான் கண்ட நிறையும் குறையும்

துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழி என்னும் பௌத்தத்தின் நான்கு வாய்மைகளைப் பல ஆண்டுகளாகப் படித்திருந்தும், அவை எனக்கு ஏட்டறிவாகவே இருந்துவந்தன. அண்மையில், உடலிலும் மனத்திலும் நிகழ்வதை உள்ளபடி கவனிக்கும் பௌத்தத் தியானமான விபாசனாவுக்கான 10 நாள் முகாம் ஒன்றை முழுமையாக முடித்தேன். சேர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் என் மதிப்பீட்டை எழுதுகிறேன்.

சேரும் நாளிலேயே கைபேசி, புத்தகம், குறிப்பேடு அனைத்தையும் ஒப்படைத்துவிட்டு, கொல்லாமை, பொய்யாமை முதலிய ஒழுக்க நெறிகளான ஐந்து சீலங்களையும் மௌனத்தையும் ஏற்க வேண்டும். அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். இரவு 9 மணிக்குள் ஏறத்தாழ 10 மணி நேரம் தியானத்தில் கழியும். மௌனம் வெறும் ஒழுங்குவிதி என்றே முதலில் எண்ணினேன். பேச்சு நின்றால் பொய்க்கும் புறங்கூறலுக்கும் இடமில்லாமல் போகிறது என்பதும், அப்படிச் சீலம் முன்னே நின்றால்தான் சமாதி எனும் மன ஒருமை கூடும், சமாதி கூடினால்தான் ஞானம் பிறக்கும் என்பதும் மூன்றாம் நாளில் விளங்கின. துன்பத்தை நீக்கப் புத்தர் காட்டிய எண்வகை மார்க்கத்தின் எட்டு உறுப்புகளும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

முதல் மூன்று நாட்கள் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானப் பயிற்சி. நான்காம் நாள் முதல் உச்சி தொடங்கி உள்ளங்கால்வரை உடலில் எழும் உணர்ச்சிகளைக் கவனிக்க வேண்டும். நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் அசையாமல் அமரும் அதிட்டானமும் உண்டு. ஐந்தாம் நாள் அப்படி அமர்ந்திருந்தபோது இடது முழங்காலில் தீ வைத்தாற்போல் வலி எடுத்தது. வேறு வழியின்றி அதையே உற்றுப் பார்த்தேன். ஒரே கட்டியாகத் தோன்றிய வலி சூடாகவும் துடிப்பாகவும் இறுக்கமாகவும் பிரிந்தது. ஏறியது, தணிந்தது, இடம் மாறியது. ‘மணி எப்போது அடிக்கும்?’ என்ற தவிப்பு அந்த வலியைச் சேர்ந்ததன்று, என் மனம் அதன்மேல் எய்த இன்னொரு அம்பு என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது. உடல் வலி முதல் அம்பு, அதற்காக மனம் படும் தவிப்பு இரண்டாம் அம்பு என்ற புத்தரின் உவமையை நான் முன்பே அறிந்திருந்தேன். ஆனால் இரண்டாவது அம்பு எங்கே தைக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். நுகர்விலிருந்து, அதாவது இன்ப துன்ப உணர்விலிருந்து, வேட்கை, வேட்கையிலிருந்து பற்று என்று நீளும் சார்புச் சங்கிலியில், நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருப்பதை உடம்பாலேயே உணரச் செய்வதுதான் இந்த முகாமின் மிகப் பெரிய கொடை.

குறைகளும் உண்டு. மாலை நேரத் தம்ம உரையின் தமிழ் ஒலிப்பதிவில் ‘வேதனை’ என்ற சொல் விளக்கமின்றி வந்துகொண்டே இருந்தது. தமிழில் அது துன்பத்தை மட்டுமே குறிக்கும்; பௌத்த நூல்களின் மொழியான பாலியிலோ இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை ஆகிய மூன்றையும் குறிக்கும். பழந்தமிழ்ப் பௌத்தர் வழங்கிய ‘நுகர்வு’ என்ற அருமையான சொல் இருக்க, இந்தக் குழப்பம் தேவையற்றது. இரண்டு நாட்கள் நான் வலியை மட்டுமே தேடிக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணம். நிலையான ‘நான்’ என்று ஒன்றில்லை என்னும் அநாத்மக் கோட்பாட்டையும் தொட்டும் தொடாமலும் கடந்துவிட்டார்கள்.

ஆறாம் நாள் இரவு காரணம் தெரியாமல் அழுகை வந்தது. ஆசிரியரிடம் சொன்னபோது, ‘வருவதைக் கவனியுங்கள், போய்விடும்’ என்ற ஒரே வரிதான் பதிலாகக் கிடைத்தது. அது போய்விட்டது உண்மையே. எனினும் அந்நேரத்தில் இன்னும் சற்று ஆதரவான பேச்சு தேவைப்பட்டது. மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் இதில் சேர வேண்டாம்.

கட்டணம் கிடையாது, முழுவதும் முடித்தவர்கள் விரும்பினால் தானம் அளிக்கலாம். பத்தாம் நாள் மௌனம் கலைந்து எல்லா உயிர்களிடமும் அன்பைப் பரப்பும் மைத்திரித் தியானம் கற்பித்தபோது, பெயர்கூடத் தெரியாமல் உடன் அமர்ந்திருந்தவர்கள்மீது எழுந்த அன்பு நான் எதிர்பாராதது. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் அமரச் சொல்லி அனுப்பினார்கள். இப்போதைக்குக் காலையில் அரை மணி நேரம் அமர்கிறேன். அடுத்த முகாமுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.