மண்ணைக் கேட்டுக் கன்று தரும் நாற்றங்கால்

விருதுநகர் பக்கத்துக் கரிசல் நிலத்தில் மரம் வைக்க விரும்புவோருக்கு, எங்கள் ஊருக்கு அருகே தனியார் ஒருவர் நடத்தும் நாட்டு மர நாற்றங்காலைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். எத்தனை கன்று வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே, நிலம் கரிசலா செம்மண்ணா, மழைக்குத் தண்ணீர் தேங்குமா, கிணற்று நீர் உப்பா என்று விசாரிக்கிறார்கள். நான் கேட்ட செம்மரக் கன்றுகளை, வடிகால் இல்லாத கரிசலில் அவை நிற்காது என்று சொல்லி மறுத்துவிட்டு, உவர்ப்பைத் தாங்கும் புங்கனையும் பூவரசையும், மேட்டுப் பகுதிக்கு வேம்பையும் எடுத்துத் தந்தார்கள்.

அந்த விசாரிப்பில்தான் கன்றின் ஆயுள் இருக்கிறது. கரிசல் மழைக்காலத்தில் நீரைப் பிடித்துவைத்து வேருக்குக் காற்றில்லாமல் செய்கிறது. கோடையில் வெடிக்கும்போது இளவேர்களை அறுத்துவிடுகிறது. வெப்பம் கூடக்கூட மண்ணின் ஈரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் இளமரங்களை 3.4 பாகை செல்சியஸ் கூடுதல் வெப்பத்தில் வளர்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஈரமான மண்ணில் ஒளிச்சேர்க்கையைக் கூட்டிய அதே வெப்பம், மண் காய்ந்தபோது அதைக் குறைத்தது. அவை குளிர்நாட்டு மரங்கள். ஏற்கெனவே கடும் வெயிலில் நிற்கும் நம் கன்றுகளுக்கு ஈரத்தின் அருமை இன்னும் அதிகம் என்றே நான் கருதுகிறேன்.

கன்றுகளின் தரம் நன்று. நிழல்வலையை முன்கூட்டியே விலக்கி, நீரையும் படிப்படியாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்கியிருப்பதால், தண்டு குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கிறது. உயரம் பார்த்து வாங்குவோருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் நிழலிலேயே நெடுநெடுவென வளர்ந்த கன்று, வேர் ஊன்றுவதற்குள் இலைவழியே நீரை இழந்து வாடிவிடும். கறுப்புப் பைகளை வெயில் நேரே சுடாதபடி நெருக்கி அடுக்கி, ஓரங்களில் மண் அணைத்திருந்ததும் எனக்குப் பிடித்தது, ஏனெனில் பை சூடேறினால் முதலில் வேகுபவை ஓரத்து வேர்களே.

குறை ஒன்று உண்டு. எல்லாப் பைகளிலும் செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்த ஒரே கலவைதான். அந்த மண்ணுருண்டையைக் கரிசல் குழியில் வைத்தால், கரிசல் காய்ந்து சுருங்கும்போது இரண்டுக்கும் இடையே வெடிப்பு விழுந்து வேர் வெளியே பரவத் தயங்குகிறது. உருண்டையைச் சுற்றிக் கரிசலோடு மணலும் மட்கிய எருவும் கலந்து நிரப்பி, மேலே மூடாக்கு இட வேண்டியிருக்கிறது. முன்பதிவு செய்தால் நம் நிலத்து மண்ணையே கலந்து வளர்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். விதை எந்தப் பகுதித் தாய்மரத்திலிருந்து வந்தது என்ற குறிப்பும் பையில் இல்லை. கேட்டால் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். ஐப்பசி மழைக்கு நட நினைப்பவர்கள், சொந்த மண்ணோடு கோடைக்கு முன்பே போய்ச் சொல்லிவைப்பது நல்லது.