பழைய வீட்டுக் கடைக்கால் இறங்கினால்: ஜாக்கியா, அடியில் தோண்டிக் கட்டுவதா, இடிப்பதா?

சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைப் பக்கம் பழைய வீடுகள் பலவற்றுக்குக் கருங்கல்லைச் சுண்ணாம்பிலோ வெறும் செம்மண் சேற்றிலோ வைத்துக் கட்டிய கடைக்கால்தான் (அஸ்திவாரம்). கல்லுக்கு ஒன்றும் ஆகாது, நடுவில் இருக்கிற சாந்துதான் தண்ணீர் பட்டுப் பட்டுக் கரைந்துபோகும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓட ஆரம்பித்ததும் ஒரு மேஸ்திரி பூசிவிடலாம் என்பார், இன்னொருவர் ஜாக்கி என்பார், சொந்தக்காரர்கள் எல்லாரும் இடித்துவிடு என்பார்கள். பூச்சைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை, அது வெடிப்பை மறைக்கும், அவ்வளவுதான்.

இப்போது எல்லாரும் முதலில் கேட்பது ஜாக்கிதான். சுவருக்குக் கீழே வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் திருகி வீட்டைத் தூக்குகிறார்கள். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றால் இது அருமையான வழி. ஆனால் தூக்கியபின் நடுவில் கட்டுகிற புதுச் சுவர் பெரும்பாலும் பழைய கடைக்காலின் மேலேயேதான் உட்காரும், அடியில் மண் இறங்கிக்கொண்டிருந்தால் தூக்கிய வீடும் சேர்ந்து இறங்கும். மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், ஜாக்கி உட்காருகிற இடத்திலேயே நொறுங்கவும் வாய்ப்பு உண்டு. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். தரை முழுவதும் நிரப்பி மறுபடி டைல்ஸ் போடும் செலவையும் ஜாக்கிக்காரர் சொல்லும் தொகையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, சுவர் நிற்க நிற்கவே அடியில் பகுதி பகுதியாகத் தோண்டிப் புதுக் கடைக்கால் கொடுப்பது. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் பொறுமையான ஆள் வேண்டும். சுவரின் நீளத்தை மூன்று நான்கு அடித் துண்டுகளாகக் குறித்து, அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை ஒரே நேரத்தில் ஒருபோதும் தோண்டாமல், முதலாவது, நான்காவது, ஏழாவது என்று விட்டுவிட்டு எடுப்பார்கள். பழைய கடைக்காலுக்கும் கீழே, கெட்டியான சரளை தட்டுகிற வரை போய்க் கான்கிரீட் போட வேண்டும். அதைப் பழைய கல்லின் அடிவரை நிரப்பிவிடக் கூடாது. இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விட்டு, கான்கிரீட் இறுகியபின் தண்ணீர் குறைவாகப் பிசைந்த சிமெண்ட் கலவையை அந்த இடைவெளியில் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. கான்கிரீட் காயும்போது சற்றுச் சுருங்கும், ஒரேயடியாக நிரப்பிவிட்டால் மேலே மெல்லிய சந்து விழுந்து சுவர் அந்தரத்தில் நிற்கும், அந்தச் சந்து மூடுகிற அளவுக்கு வீடு மறுபடி இறங்கும். இந்தக் கட்டத்தை அவசரமாக முடிக்கிற ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இதில் இன்னொரு விஷயம் மண். செம்மண்ணும் சரளையும் உள்ள இடத்தில் இறங்கிய மூலைக்கு மட்டும் செய்தாலும் தாங்கும். கரிசல் மண்ணில் அப்படி முடியாது, அது மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், ஒரு மூலையை மட்டும் ஆழமாகப் பிடித்து நிறுத்தினால் மற்ற பக்கம் ஏறி இறங்கி, நல்லா இருந்த சுவரிலும் வெடிப்பு வரும். அங்கே முழு வீட்டுக்கும் செய்ய வேண்டும், மண்ணின் அசைவு எட்டாத ஆழம் வரை போக வேண்டும். கரிசலுக்கான இந்திய விதிகளே அடி விரிந்த பைல்களை (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்களை) 3.5 மீட்டருக்குக் குறையாமல் இறக்கச் சொல்கின்றன, அதிலிருந்தே ஆழத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அவ்வளவு ஆழம் கையால் தோண்ட முடியாத இடத்துக்குத்தான் மைக்ரோ பைல், துளை போட்டுக் கம்பியும் சிமெண்ட் பாலும் இறக்குவது. நல்ல முறைதான், ஆனால் குகையின் சந்துகளில் மெஷின் நுழைய வேண்டுமே, செலவும் கூடுதல்.

இடிப்பது? சுவரே மக்கி, மேலே மெட்ராஸ் டெரஸின் (மரச்சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்த பழைய கூரைத் தளம்) மரச்சட்டங்களும் கறையான் அரித்துப் போயிருந்தால் இடிப்பதுதான் நியாயம், கடைக்காலில் மட்டும் பணத்தைக் கொட்டுவது வீண். சுவர் நேராக நிற்கிறது, தேக்குக் கதவும் தூணும் திடமாக இருக்கின்றன என்றால் இடிக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். இப்போதைய விதிப்படி விட வேண்டிய இடத்தை விட்டால் சின்ன மனையில் கட்ட என்ன மிஞ்சும் என்பதையும் முதலில் அளந்து பாருங்கள்.

ஏற்காட்டுக் கதை வேறு. அங்கே சரிவுப் பக்கச் சுவர் வெடித்தால் சில சமயம் மண்ணே நகர்கிறது என்று அர்த்தம், அதற்குக் கடைக்காலை ஆழப்படுத்தினால் மட்டும் போதாது, கீழ்ப்பக்கம் வடிகால் துளையோடு தடுப்புச்சுவர் வேண்டும், மேல்பக்கத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். இடித்துக் கட்டலாம் என்றால் மலைப்பகுதிக் கட்டட அனுமதி முதலிலிருந்து, ஜல்லியும் எம்-சாண்டும் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வர வேண்டும்.

எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, ஒரு கோடையும் ஒரு மழையும் பாருங்கள் (சுவர் சாய்ந்தே இருந்தால் காத்திருக்காமல் முட்டுக் கொடுத்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்). கண்ணாடி உடையாவிட்டால் வீடு இறங்கி முடித்துவிட்டது, பெரிய வேலையே தேவைப்படாமலும் போகலாம். அப்புறம் ஒழுகுகிற குளியலறைக் குழாய், சுவரை ஒட்டிய உறிஞ்சு குழி, சரியாக மூடாமல் விட்ட பழைய தறிக்குழி (கைத்தறி நெய்பவர் கால் வைக்கத் தோண்டிய குழி) எல்லாவற்றையும் தேடிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். வேலை பேசும்போது கெட்டி மண் எதிர்பார்த்ததை விட ஆழத்தில் இருந்தால் கூடுதல் அடிக்கு என்ன கூலி என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தோண்டின பிறகு பேசினால் வீடு முட்டில் நிற்கும்போது நம் பக்கம் பேரம் பேச ஒன்றும் இருக்காது.