கிளட்ச் லிவருக்கு வாங்கிய 50 கிலோ கொக்கித் தராசு

நாமக்கல் பக்கம் கல் குவாரிகளில் தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜின்களைப் பார்ப்பதுதான் என் தொழில். இன்ஜினுக்கும் பம்புக்கும் நடுவில் கை லிவர் போட்ட கிளட்ச் இருக்கும். லிவர் எவ்வளவு கனமாக விழுகிறது என்று இருபது வருடமாகக் கைப்பதத்தில்தான் பார்த்து வந்தேன். போன தை மாதம் ஒரு குவாரியில் லிவர் இழுவை குறைந்து, கிளட்ச் பிடிக்காமல் ஸ்லிப் ஆகி பிளேட் கருகிப் போனது. முதல் நாள்தான் லிவரை இழுத்துப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்த உறுத்தலில் வாங்கியது இந்த டிஜிட்டல் தராசு. விலை 1,650 ரூபாய்.

வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள்: பீக் ஹோல்ட் வேண்டும், அதாவது இழுத்ததில் வந்த உச்ச எண்ணைப் பிடித்து வைக்கிற வசதி. லிவர் இறுகி இறுகி வந்து, உச்சத்தைத் தாண்டியதும் டக்கென்று விழுந்துவிடும். நமக்கு வேண்டியது அந்த உச்சத்தில் இருந்த இழுவை. சாதாரணத் தராசு எடை நிலைத்த பிறகுதான் எண் காட்டும். அதற்குள் லிவர் விழுந்திருக்கும். முதலில் வாங்கிய கடையில் பீக் ஹோல்ட் உண்டு என்று போட்டுவிட்டு, இல்லாததை அனுப்பினார்கள். பணம் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. இது வேறு கடையில் வாங்கியது. மண்டிக்காரரிடம் முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், 20.05 காட்டியது. எனக்கு அது போதும்.

இன்ஜினை நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகுதான் கை வைப்பேன். ஷாஃப்ட் மையத்திலிருந்து 60 சென்டிமீட்டரில் லிவரில் சிவப்புப் பெயிண்ட் கோடு போட்டிருக்கிறேன். தராசுக் கொக்கி சின்னது, லிவரில் மாட்டாது. அதனால் கோட்டில் ஒரு பட்டையைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டுவேன். லிவருக்குச் செங்குத்தாக, வெட்டி இழுக்காமல் இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் எண் கூடிவிடும்.

முதல் தடவை 17 கிலோதான் வந்தது. மூடியைத் திறந்து, லிவரை விடுவித்து, லாக் பின்னை இழுத்து, கிளட்ச் இறுக்கத்தைக் கூட்டுகிற அட்ஜஸ்டிங் ரிங்கை ஒரு பல் நகர்த்தினேன். லாக் பின் திரும்ப விழுந்து பூட்டியதைப் பார்த்துவிட்டு மறுபடி இழுத்தேன். மூன்றாவது பல்லில் 25.2, 24.6, 25.4. கையேட்டில் ஷாஃப்டுக்கான முறுக்கு விசை அளவு நியூட்டன் மீட்டரில் இருக்கும். 25 கிலோவை 9.81ஆலும் 0.6ஆலும் பெருக்கினால் 147. எங்கள் கிளட்சுக்கு அது சரியாகப் பொருந்தியது. உங்களுடையதற்கு உங்கள் கையேட்டைப் பாருங்கள். பிடிக்கட்டும் என்று அளவுக்கு மேல் இறுக்கினால் லிங்க்கும் பேரிங்கும் அடிவாங்கும்.

குறைகள் உண்டு. இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்து, பிடித்து வைத்த எண் போய்விடும். வெயிலில் திரை தெரியாது, தொப்பியால் மறைத்துத்தான் படிக்கிறேன்.

புது பிளேட் போட்டால் படிந்து வருகிற வரை அடிக்கடி இழுவை குறையும். இப்போது ஆபரேட்டர் தம்பியே இழுத்துப் பார்த்து போன் செய்கிறான். நேற்றுகூட, "அண்ணா, இருபத்தொண்ணுக்கு வந்துருச்சுங்க" என்றான். "சரி, பம்பை ஓட்டாத, மதியம் வர்றேன்" என்றேன்.