வேனுக்குள் இரண்டாவது பேட்டரி: ஏஜிஎம்மா, லித்தியமா?

வேனிலேயே தங்கிப் பயணம் போகிறவர்கள், வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி போக, ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓட எந்த 100 ஆம்பியர்-அவர் பேட்டரியை வாங்குவது என்று குழம்புகிறார்கள். ஏஜிஎம் என்பது ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சவைத்து மூடிய பேட்டரி; லித்தியம் என்று இங்கே சொல்வது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை. தண்ணீர் ஊற்றும் சாதாரண ஆசிட் பேட்டரி உள்ளே வேண்டவே வேண்டாம்; சார்ஜ் ஆகும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேறும்.

விலை: ஏஜிஎம் மலிவு.
எடை: ஏஜிஎம் சுமார் 30 கிலோ, லித்தியம் அதில் பாதிகூட வராது.
பயன்பாடு: ஏஜிஎம்மின் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் ஆயுள் குறையும், லித்தியத்தில் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம்.
சார்ஜ்: பழைய வண்டியில் ஏஜிஎம்முக்கு, எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் இணைக்கும் ஒரு ரிலே போதும். லித்தியம் கரன்ட்டை அதிகமாக இழுத்து எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைச் சூடாக்கும். அதனால் கரன்ட்டை அளவோடு அனுப்பும் டிசி-டிசி சார்ஜர் போட்டே ஆக வேண்டும்.

எதுவானாலும் வண்டி பேட்டரி, இரண்டாவது பேட்டரி இரண்டுக்கும் பக்கத்திலேயே ஆளுக்கொரு ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் இல்லாமல் நடுவில் வயர் உரசி வண்டியின் இரும்பு பாடியைத் தொட்டால் இரு பக்கமிருந்தும் கரன்ட் பாயும், தீப்பிடிக்கும்.

எப்போதாவது கிளம்புகிறவருக்கு ஏஜிஎம். மாதக்கணக்கில் வேனில் இருப்பவர் லித்தியமே வாங்கலாம்.