டேப்புக்கு டம்பா, டாரா?

லினக்ஸ் சர்வரை எல்டிஓ டேப்பில் (பேக்கப்புக்கான காந்த நாடா) ஏற்ற டம்ப், டார் என்ற பழைய கட்டளைகள் இரண்டு இன்றும் போதும். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

டம்ப் கோப்புகளைத் திறப்பதே இல்லை. வட்டை நேரடியாகப் படித்து, ஐநோடு (ஒவ்வொரு கோப்பின் விவரமும் இருக்கும் பதிவு) எண் வரிசையில் எழுதுகிறது. அதனால் கோப்பைக் கடைசியாகப் படித்த நேரம் மாறாது. ஃபோல்டர் விவரங்கள் டேப்பின் தொடக்கத்திலேயே இருப்பதால், டம்ப்பை மீட்கும் ரிஸ்டோர் கட்டளையில் ஐ ஆப்ஷன் கொடுத்தால் பட்டியல் சீக்கிரம் வந்துவிடும். டாரில் அப்படி இல்லை. பட்டியல் பார்க்கவே டேப் கடைசிவரை ஓடணும். நிரம்பிய 18 டெராபைட் எல்டிஓ-9 என்றால், நொடிக்கு 400 மெகாபைட் வேகத்தில் பன்னிரண்டரை மணி நேரம்!

இருந்தும் என் ஓட்டு டாருக்குத்தான். டம்ப், எக்ஸ்ட் குடும்பக் கோப்பு அமைப்புகளுக்கு மட்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு அமைப்புக்கு எக்ஸ்எஃப்எஸ்டம்ப் தனி. அதைவிட முக்கியம், மவுண்ட் ஆகி, பயன்பாட்டில் இருக்கும் வட்டுப் பகுதியில் டம்ப் ஓட்டினால் கெர்னல் நினைவகத்தில் இருந்து இன்னும் வட்டுக்கு இறங்காத மாற்றங்கள் விடுபடும், கோப்பு அரைகுறையாகப் பதியும். எல்விஎம் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் வட்டுப் பகுதி இருந்த நிலையின் உறைந்த நகல்) எடுத்து அதன்மேல் ஓட்டினால்தான் நம்பலாம். டார் எந்தக் கோப்பு அமைப்பிலும் ஓடும். ஓட்டைக் கோப்புகளுக்கு (நடுவில் வெற்றிடம் உள்ளவை) பெரிய எஸ், கூடவே ஏசிஎல் (கூடுதல் அனுமதிகள்), எக்ஸ்ஆட்டர் (கூடுதல் பண்புகள்) ஆப்ஷன்களை மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

டாரில் பலர் தடுக்கி விழுவது பிளாக் (டேப்பில் ஒரே தடவையில் எழுதும் துண்டு) அளவில். பேசாமல் விட்டால் 20 x 512, அதாவது 10,240 பைட். இன்றைய டிரைவுக்கு இது பொடி. பி ஆப்ஷனில் 512 கொடுத்தால் 256 கிலோபைட் ஆகும். மீட்கும்போது அதே எண்ணைக் கொடுக்காமல் சிறிய அளவில் படித்தால் "நினைவகம் ஒதுக்க முடியவில்லை" என்று பிழை வரும். ரேம் வாங்க ஓட வேண்டாம். டேப்பில் உள்ள பிளாக் கேட்டதைவிடப் பெரியது என்பதைத்தான் டிரைவர் அப்படிச் சொல்கிறது. எண்ணை டேப் லேபிளிலேயே எழுதி ஒட்டுங்கள்.

எதை ஓட்டினாலும் சாதனப் பெயர் என்எஸ்டி0 ஆக இருக்கட்டும். எஸ்டி0 வேலை முடிந்ததும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். அடுத்த பேக்கப் முந்தையதன் மேலேயே ஏறும். சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் தரவு வரத்து குறைந்து, டேப் நின்று பின்னோக்கிப் போய் மறுபடி ஓடும். தேய்மானம் அதில்தான். நடுவில் எம்பஃபர் (தரவை நினைவகத்தில் சேர்த்து வைக்கும் நிரல்) வைத்து, அதன் சில ஜிகாபைட் இடம் 90 சதவீதம் நிரம்பிய பிறகே டேப்புக்கு விடுங்கள்.

கூடுதல் பேக்கப்பில் (முந்தையதற்குப் பிறகு மாறியதை மட்டும் எடுப்பது) ஒரு எச்சரிக்கை: டாரின் ஜி ஆப்ஷனோடு மீட்டால், பேக்கப் எடுத்த நாளில் அந்த ஃபோல்டரில் இல்லாத கோப்புகளை அது அழித்துவிடும். காலி ஃபோல்டரில் மீட்டு, பிறகு நகர்த்துங்கள்.