ட்ராலரா, பாய்ப்படகா? சென்னையிலிருந்து கடலில் குடியேற ஒரு கணக்கு

கப்பல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சென்னையில் நிறைய பேர். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கணவன் மனைவி இருவருமாக ஒரு படகிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போகலாம் என்ற ஆசை அவர்களில் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் மீன்பிடி ட்ராலரின் சாயலில் குடியிருப்பதற்காகவே கட்டும் ‘ட்ராலர்’ என்ற டீசல் படகா, பாய்ப்படகா என்று விசாரித்தால் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் மத்தியதரைக் கடலையும் கரீபியனையும் மனதில் வைத்துச் சொன்னது. காலையில் கிளம்பி மாலையில் அடுத்த மெரினாவில், அதாவது படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையில், கட்டிவிடலாம் என்ற ஊர்களுக்கு அது சரி. நமக்கு முன்னால் இருப்பது வங்காள விரிகுடா.

அதனால் ஒரே ஒரு பயணத்தை உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன்: சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அதாவது 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊர். நேர்கோட்டில் சுமார் 740 கடல் மைல். நடுவில் ஒதுங்க ஒரு திட்டுகூடக் கிடையாது. எல்லாமே 40 அடி அளவுள்ள படகுகள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வேகத்தை ஓரம்கட்டிவிடலாம். அலை மேல் ஏறிப் பாதி மிதந்து ஓடும் அடிப்பகுதி கொண்ட செமி டிஸ்பிளேஸ்மென்ட் ட்ராலர், பெரிய எஞ்சின்கள் இருந்தால் 15 நாட் வேகம்கூடப் போகும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அந்த வேகத்தில் மணிக்கு 90 முதல் 100 லிட்டர் டீசல் குடிக்கும். கிராண்ட் பேங்க்ஸ் 42 மாதிரியான படகின் டேங்க் சுமார் 2,200 லிட்டர்தான். பாதி வழிகூடத் தாண்டாமல் டேங்க் காலி. அதே படகை 7 நாட்டில் ஓட்டினால் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் அப்போது பெரிய எஞ்சினுக்குக் கொடுத்த பணம் வீண். கொச்சி, கோவா என்று மேற்குக் கரையோரமாகவே சுற்றுகிறவர்களுக்கு இது நல்ல படகு. நம் பக்கத்துக்கு அல்ல.

மெதுவாகப் போவதற்கென்றே கட்டிய ஃபுல் டிஸ்பிளேஸ்மென்ட் ட்ராலரின் கணக்கு வேறு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அதன் உச்சவேகம் ஏறக்குறையக் கிடைக்கும். 36 அடி என்றால் 8 நாட். அதற்கு மேல் எவ்வளவு டீசலைக் கொட்டினாலும் படகு தன் சொந்த அலையோடுதான் மல்லுக்கட்டும். கொஞ்சம் இறங்கி ஆறரை நாட்டில் ஓட்டினால் மணிக்குச் சுமார் 10 லிட்டர் போதும். 114 மணி நேரம், 1,140 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சத்துச் சொச்சம். இந்த வகைப் படகான நார்ட்ஹேவன் 40-இன் டேங்க் ஏறத்தாழ 3,500 லிட்டர். அந்தமானில் ஒரு சொட்டு டீசல் வாங்காமல் போய்த் திரும்பி, கையிருப்பும் வைத்துக்கொள்ளலாம். அங்கே நங்கூரம் போட்டு நின்றுகொண்டு கேன் கேனாக டீசல் ஏற்றும் பாடு மிச்சம்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் ராபர்ட் பீபி 1963-ல் சிங்கப்பூரில் கட்டிய 50 அடி பாஸேஜ்மேக்கர், இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிரேக்கம் வரை போனது. 2001-02-ல் ஒரு நார்ட்ஹேவன் 40 உலகையே சுற்றி வந்தது.

சரி, டீசலே வேண்டாம், பாய்ப்படகு வாங்கினால் என்ன? நண்பர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஜனவரியில் அவர்கள் சொல்வது நியாயம். வாடைக்காற்று நிலையாக இருக்கும். போகும்போது காற்று முன்பக்கவாட்டில் அடிக்கும், படகு ஒரே பக்கம் சாய்ந்தபடி போகும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், அது சுகமான பயணம். சிக்கல் என்னவென்றால், நம் கடலில் புயல் பயம் குறைவாக இருப்பது ஏறத்தாழ ஜனவரி முதல் மார்ச் வரைதான். அதன் பிற்பாதியில், பிப்ரவரி கடைசியிலிருந்து, காற்று அடங்கிவிடுகிறது. பாய் தொங்கும், எஞ்சினைப் போட வேண்டும். மணிக்கு 3 லிட்டர், ஐந்தரை நாட் என்று பார்த்தால் 740 மைலுக்கு 400 லிட்டர் தேவை. இந்த அளவுப் படகுகளில் டேங்க் பெரும்பாலும் 200 முதல் 300 லிட்டர். மீதி டெக்கில் கேன்களில் கட்டிக்கொண்டு போக வேண்டும். கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் பாய்ப்படகு ஒரு சுமாரான மோட்டார் படகாகிவிடுகிறது என்பதுதான் என் முக்கியமான ஆட்சேபம்.

ஆனால் இரண்டு விஷயங்களில் பாய்ப்படகு ஜெயிக்கிறது. ஒன்று, எஞ்சின் நின்றாலும் அது வீடு வந்து சேரும். ஒற்றை எஞ்சின் ட்ராலர் 300 மைல் வெளியே நின்றுவிட்டால், கடலோரக் காவல்படைக்கு அபாயச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இதற்காகவே தனி ஷாஃப்டுடன் ஒரு சின்ன இரண்டாவது எஞ்சின் வைக்கும் வழக்கம் உண்டு. அது இல்லாத ட்ராலரை நான் வாங்க மாட்டேன். இரட்டை எஞ்சின் வைத்துக்கொள்ளலாமே என்றால், இரண்டு புரொப்பல்லரும் பக்கவாட்டில் திறந்து கிடக்கும். காசிமேட்டுக்கு வெளியே இரவில் எத்தனை வலை, எத்தனை கயிறு! நடுவில், படகின் அடித்தண்டான கீலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒற்றை புரொப்பல்லர்தான் நம் கரைக்குப் பத்திரம்.

இரண்டாவது, ஆட்டம். பாயில் காற்று நிற்கும்போது படகு சாய்ந்தாலும் அதிகம் ஆடாது. ட்ராலர் பக்கவாட்டு அலையில் தொட்டில் மாதிரி ஆடும், வயிற்றைக் கலக்கும். தடுக்க வழிகள் உண்டு. தண்ணீருக்குள் நீட்டிய ஃபின்கள் நன்றாக வேலை செய்யும், ஆனால் வலையில் மாட்டும். இருபுறமும் கம்பங்களிலிருந்து தண்ணீருக்குள் இழுத்துச் செல்லும் எடைத் தகடுகளான பாராவேன்கள் எளிமையானவை. கரையோரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, ஆழ்கடலில் இறக்கலாம். பீபி நம்பியதும் இவற்றைத்தான். கொஞ்சம் வேகம் குறையும், போகட்டும். படகுக்குள்ளேயே வேகமாகச் சுழன்று ஆட்டத்தைக் குறைக்கும் ஜைரோ சக்கரத்துக்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும். என் ஓட்டு பாராவேனுக்கு.

பழைய விசைப்படகு ஒன்றை வாங்கி வீடாக மாற்றலாமா என்று கேட்பவர்களும் உண்டு. லேலண்ட் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் காசிமேட்டிலேயே இருக்கிறார்கள், அந்த வசதி பெரிது. ஆனால் ஐஸும் மீனும் ஏற்றிக்கொண்டு போகக் கட்டிய படகு அது. மீன் அறை காலியாக இருந்தால் மேலே எழும்பி வெடுக் வெடுக்கென்று ஆடும். பேலஸ்ட் கணக்கை, அதாவது அடியில் எவ்வளவு பாரம் வைப்பது என்பதை, தெரிந்த ஒருவரிடம் போட்டுப் பார்க்காமல் இறங்கக் கூடாது.

அப்புறம் குடித்தனம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ட்ராலர்தான். பாய்ப்படகில் சமையலறையும் படுக்கையும் கீழே, ஏணி மாதிரியான படியில் இறங்க வேண்டும். அறுபது வயது முழங்கால் ஒரு நாளைக்கு எத்தனை முறை தாங்கும்? பெரும்பாலான பாய்ப்படகுகளில் இரவுக் காவலும் திறந்த வெளியில், மழையில். ட்ராலரில் கூடம் டெக் மட்டத்தில், நாலு பக்கமும் ஜன்னல். பைலட் ஹவுஸ் என்ற மூடிய ஓட்டுநர் அறையில் உட்கார்ந்து காபி குடித்தபடி ராடாரைப் பார்க்கலாம். மே மாத வெயிலில் கூரை முழுக்க சோலார் பலகை போட இடம் உண்டு. மிக்ஸியும் ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரில் ஓடும். குடிதண்ணீருக்கு, மீஞ்சூர் கடல்நீர் ஆலையின் முறையையே சிறிய அளவில் செய்யும் ஆர்ஓ கருவி போதும். துறைமுகத்துக்குள் மட்டும் அதை ஓட்டாதீர்கள், எண்ணெய் கலந்த தண்ணீர் மெம்பிரேனைக் கெடுத்துவிடும்.

எந்தப் படகாக இருந்தாலும் புயல் காலம் தொடங்கும் அக்டோபரில் அதை எங்கே கட்டி நிறுத்துவது என்பதற்குச் சென்னையில் இன்று பதில் இல்லை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் துறைமுகத்துக்குள் இருக்கிறது. ஆனால் கரண்டும் தண்ணீரும் கொடுத்துக் குடியிருக்க விடும் பொது மெரினா நகரத்தில் கிடையாது. 2012 அக்டோபர் கடைசியில் நீலம் புயலின்போது பிரதிபா காவேரி என்ற டேங்கர் கப்பலே நங்கூரம் தாங்காமல் பெசன்ட் நகர் கரையில் தரைதட்டியது. 2016 டிசம்பரில் வர்தா நகரத்தின் மேலேயே ஏறியது. 40 அடிப் படகு எம்மாத்திரம்? கொச்சி போல்காட்டித் தீவில் மெரினா இருக்கிறது. திருகோணமலை சுமார் 280 மைல், அங்கிருந்து இலங்கையின் தெற்கிலுள்ள காலி துறைமுகம், பிறகு கொச்சி என்று இலங்கையைச் சுற்றி செப்டம்பருக்குள் போய்விட வேண்டும். படகுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அங்கே இடம் கிடைக்குமா என்று பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.